எலும்பும் எழும்பும்

குருபோங்கில் தொழிற்சாலைகளைத் தாண்டி உள்ளே போனால் வரிசை வீடுகள் நிறைந்த ஒரு தாமான், குடியிருப்பு, வரும். அங்கே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு வீட்டில் மட்டும் கூச்சல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். "விடாத, வாலப் பிடி! செத்தான்டா!" என்று ஆளுக்கொரு பக்கம் கத்துவார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்து எட்டிப் பார்த்தால், சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஏழு கழுதை வயசான ஐந்து பேர் உட்கார்ந்து பகடை உருட்டிக்கொண்டிருப்பார்கள். பகடையைப் பார்த்ததும் சூதாட்டம் என்று முடிவுகட்டிக் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். காசு கிடையாது, இது கதை விளையாட்டு, இதில் டிராகன் வரும் என்று விளக்கம் சொன்னார்கள். அவருக்கு அது சூதாட்டத்தைவிடப் பெரிய குற்றமாகப் பட்டது. "இந்த வயசுல டிராகனா?" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார். போகட்டும். அவர் வீட்டில் நாள் முழுக்க சீரியல் ஓடும். அதில் செத்துப்போனவர்கள் வாராவாரம் திரும்பி வருவார்கள். அது மட்டும் பரவாயில்லையாம்.

அந்த வீட்டுக்காரி கலைமகள். ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பா முதலில் பால்மரம் வெட்டினார். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் குலை வெட்டினார். தோட்டமே கைமாறி வீட்டுமனை ஆனதும் ஜாசின் பசாரில் மீன்கடையில் வேலைக்கு நின்றார். மகள் மட்டும் தமிழ்ப்பள்ளியில் பேச்சுப்போட்டி, கதை சொல்லும் போட்டி என்று ஒன்றையும் விடவில்லை. அந்தப் பள்ளி அவளுக்குக் கொடுத்த சொத்து ழகரம். வீட்டில் எல்லாரும் 'வாலப்பலம்' என்று சொல்லும்போது இவள் ஒருத்தி மட்டும் நாக்கை மடித்து 'வாழைப்பழம்' என்பாள். "பெரிய வாத்தியாரம்மா!" என்று அம்மா தலையில் குட்டுவாள். படிவம் ஐந்தோடு படிப்பு நின்றது. குருபோங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க் வேலை கிடைத்தது.

அவள் புருஷன் பிரவின், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லோரி ஓட்டினான். ஆள் பார்க்க முரடன், வாயைத் திறந்தால் சிரிப்புதான். கலியாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்துவிட்டது, இங்கே நாமும் பேச வேண்டாம்.

கதை விளையாட்டு வந்தது தொழிற்சாலை வழியாக. சிங்கப்பூருக்கு வேலை மாறிப் போன சீன சூப்பர்வைசர் ஒருத்தி, கனமான விதிப்புத்தகம் ஒன்றையும் ஒரு பை நிறைய வண்ணப் பகடைகளையும் கலைமகளிடம் விட்டுப்போனாள். முகப்பில் ஒரு டிராகன் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. ஆங்கிலம் பல்லை உடைத்தது. ஆனாலும் கலைமகள் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, புரியாததைக் கைப்பேசியில் தேடிப் படித்து முடித்துவிட்டாள். படித்து முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நல்ல விளையாட்டை இத்தனை நாளாக ஒருத்தரும் நமக்குச் சொல்லவில்லையே என்ற கோபம்.

விளையாட்டு இவ்வளவுதான். ஒருத்தர் கதை சொல்வார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். நடந்ததா இல்லையா என்று பகடை சொல்லும். கலைமகள்தான் கதைக்காரி. பிரவின் தன் கூட்டாளிகளைச் சேர்த்துவிட்டான். பள்ளி வேன் ஓட்டும் மிக்கேல்ராஜ், வயதில் மூத்தவர், ஞாயிறு காலைப் பூசை முடிந்து சட்டைகூட மாற்றாமல் வருவார். மெக்கானிக் வீரமுத்து பிரவினுக்குச் சின்ன வயசுச் சிநேகிதன். மருந்துக்கடையில் வேலை செய்யும் தேவமலர், அடுத்த தெருப் பெண், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவள் வேர்விட்டு உட்கார்ந்துவிட்டாள். மேசைக்குக் கலைமகள் ஒரு சட்டம் போட்டாள். 'மேசையில விழுந்த சொல்லு விழுந்ததுதான்.' வாய் தவறிச் சொல்லிவிட்டேன், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்பதெல்லாம் செல்லாது. ஒருமுறை வீரமுத்து விளையாட்டாக "ராஜாவ உதைக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கதையில் ஒரு மாசம் சிறையில் கிடந்தான்.

மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, வைத்தியச்சி என்று வேஷம் எடுத்தபோது பிரவின் மட்டும் டிராகனாகத்தான் இருப்பேன் என்று அடம்பிடித்தான். முதுகு முழுக்க முள் இருக்கும் என்று கலைமகள் சொல்லச் சொல்ல, "அப்ப பேரு டுரியான்" என்று அந்த முள்ளுப் பழத்தின் பேரையே வைத்துக்கொண்டான். வீட்டில் அவனை 'என்னங்க' என்று கூப்பிடுகிறவள், மேசையில் உட்கார்ந்துவிட்டால் "டேய் டுரியான், எறங்குடா கீழ!" என்று அதட்டுவாள். அவனுக்கு அது ரொம்பப் பிடிக்கும். "வாரத்துல ஒரு நாளு என் பொண்டாட்டி என்னைய டேய் போடுறா" என்று ஆலையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

அந்த டுரியான் ஒரு ஞாயிற்றுக்கிழமை செத்துப்போனான். மற்ற மூன்று பேரும் பாலத்தைக் கடந்து தப்பிக்கட்டும் என்று அவன் ஒருத்தனாகப் பாலத்தை அடைத்துக்கொண்டு நின்றான். உருட்டிய பகடையில் ஒன்று விழுந்தது. ஒன்று விழுந்தால் முடிந்தது. கதைக்காரி புருஷன் என்பதற்காகத் தயவு காட்ட முடியுமா? அவன் சிறகொடிந்து பள்ளத்தில் விழுந்ததை அவள் வாயாலேயே சொன்னாள். தேவமலர் நிஜமாகவே அழுதாள். செத்தவன் மட்டும் கறிபாப்பைக் கடித்துக்கொண்டு, "சரி, செத்துட்டேன். எப்படித் திரும்பி வர்றது? அதச் சொல்லு" என்றான்.

"டிராகன் செத்தா மூணு வழியில திரும்பி வரும்," என்றாள் கலைமகள். "மொத வழி, அதுவே ஏற்பாடு பண்ணி வச்சிருக்கணும். உயிரோட இருக்கும்போதே ஒரு ரத்தினக் கல்லத் தயார் பண்ணி, நஞ்சக் குடிச்சிட்டு, உயிர அந்தக் கல்லுக்குள்ள ஒளிச்சி வைக்கணும். ஒடம்பு போனாலும் உயிரு கல்லுல இருக்கும். அப்புறம் தோதான பொணமாப் பாத்து உள்ள நுழைஞ்சி எந்திரிச்சிரலாம்."

"அது இன்சூரன்ஸ் மாதிரி. நான் எடுக்கல லா."

"ரெண்டாவது, புதையல். சேத்து வச்ச தங்கத்த யாராச்சும் தூக்கிட்டுப் போயிட்டா டிராகனோட ஆவி அங்கயே சுத்தும். பொருளு திரும்பி வந்தாதான் அடங்கும்."

வீரமுத்து வாய்விட்டுச் சிரித்தான். "இவன் புதையல எல்லாம் ஊருக்கே நாசி லெமாக் சாப்பாடு வாங்கிக் குடுத்துத் தீத்துட்டான் அண்ணி. ஆவிக்கு அங்க என்னா வேல?"

"அப்ப மூணாவதுதான். வேற யாராச்சும் எழுப்பணும். எலும்பெல்லாம் ஒண்ணு விடாமச் சேத்து வச்சி, மேல நின்னு ஒரு சொல்லுச் சொல்லணும். உடனே எழும்பிரும். ரெக்கையில தோலு இருக்காது, ஆனா பறக்கும். வாயில நெருப்பு வராது, குளிருதான் வரும். எழுப்பினவங்க சொல்றதக் கேக்கும்."

"நான் யாருன்னு எனக்குத் தெரியுமா?" என்று கேட்டான் பிரவின்.

"ஒவ்வொரு புத்தகத்துல ஒவ்வொரு மாதிரி போட்டிருக்கு. நம்ம மேசையில தெரியாது. எலும்பு வரும். நீங்க வரமாட்டீங்க."

அந்தச் சொல் என்ன என்று மிக்கேல்ராஜ் கேட்டார். "எழும்பு" என்றாள் கலைமகள். காலையில் அவள் 'எழும்புங்க' என்று பிரவினை எழுப்புகிற சொல்தான், அதையே சுருக்கி மந்திரமாக்கிவிட்டாள். மூன்று பேரும் சொல்லிப் பார்த்தார்கள். ழகரம் வராத கூட்டத்தில் இப்படி ஒரு மந்திரத்தை வைத்தால் என்ன ஆகும்? வீரமுத்து சொன்னதும் எலும்பு, மிக்கேல்ராஜ் சொன்னதும் எலும்பு, தேவமலர் கொஞ்சம் முக்கி 'எளும்பு' வரைக்கும் வந்தாள். சிரிப்பில் மேசையே குலுங்கிற்று. பிரவின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னைய எழுப்பலாமா வேணாமான்னு அடுத்த வாரம் யோசிச்சிட்டு வந்து சொல்றேன்" என்றான்.

அடுத்த வாரம் அவன் இல்லை.

ஆலை வாசலில் லோரிகள் வரிசையில் நின்றன. முன்னால் நின்ற லோரி நகர்ந்தது, பிரவினுடையது நகரவில்லை. பின்னால் இருந்தவன் ஹோர்ன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே இறங்கி வந்து கதவைத் திறந்தான். ஸ்டியரிங்கில் தலை சாய்ந்திருந்தது. மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தண்ணீர்ப் போத்தல் மூடி திறந்து காலடியில் உருண்டு கிடந்தது, சட்டையில் மேல் பொத்தான்கள் இரண்டு கழன்றிருந்தன. இதைப் பார்த்தவன் கலைமகளிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம். சொல்லிவிட்டான். பாவி, அவனுக்கும் யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டியிருந்ததோ என்னவோ.

அன்றிலிருந்து கலைமகளுக்கு ஒரே ஒரு கேள்விதான். அவனுக்கு வலித்ததா? எவ்வளவு நேரம்? தண்ணீருக்குக் கை நீட்டினானா, குடித்தானா, யாரையாவது கூப்பிட்டானா? டாக்டரைக் கேட்டாள். "சொல்ல முடியாதும்மா, ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும்" என்றார். ஆலைக் காவலாளியைக் கேட்டாள். "தா தாவு, காக்", தெரியாது அக்கா என்று மலாயில் சொல்லிக் கையை விரித்தார் அவர், அவருக்கும் கண் கலங்கிற்று. துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் விதி என்றார்கள், நல்லவர்களை ஆண்டவன் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வான் என்றார்கள். அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல ஒரு நாதி இல்லை.

சுடலைக்கு அவளைக் கூட்டிப்போகவில்லை. "பொம்பளைங்க வர்றது நம்ம வழக்கத்துல இல்ல" என்று பிரவினின் பெரியப்பா வாசலிலேயே நிறுத்திவிட்டார். மறுநாள் எலும்பு பொறுக்கிப் பால் தெளிக்கவும் ஆண்கள்தான் போனார்கள். வீரமுத்து போனான். வேதக்காரராக இருந்தாலும் மிக்கேல்ராஜும் கூடப் போய் நின்றார். சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு, தலைக்குக் குளித்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று வந்து சொன்னார்கள். என்ன நல்லபடி? அவள் புருஷன் வெள்ளைத் துணியில் வாசலைத் தாண்டிப் போனதோடு சரி. அதற்குப் பிறகு அவனுக்கு நடந்தது ஒன்றையும் அவள் பார்க்கவில்லை.

மாசங்கள் போயின. மேசையில் துணி விரித்து, அதன்மேல் துவைத்த துணியைக் குவித்து வைத்திருந்தாள். ஒரு ஞாயிறு மத்தியானம் மிக்கேல்ராஜ் கேட்டுக்கு வெளியே நின்றார். கையில் கறிபாப் பொட்டலம். பின்னால் மற்ற இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

"தங்கச்சி, கோவிச்சிக்காத," என்றார். "வெளையாடுறதுக்கு வரல. டுரியான அந்தப் பள்ளத்துலயே போட்டுட்டு வந்துட்டோம். அது சரியில்லன்னு எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது. அவன் எலும்பப் பொறுக்கிக் கடல்ல விட்டுட்டு வந்துரலாம். மொறையாப் பண்ணிட்டா மனசு ஆறும்."

கலைமகள் துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டாள். பகடைப் பையை எடுத்துவந்தாள். பள்ளத்தை வர்ணித்தாள். மழை பெய்து ஓய்ந்திருக்கிறது, பாறையெல்லாம் வழுக்கும், பார்த்து இறங்குங்கள் என்றாள். இறங்கினார்கள். டுரியான் கிடந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

"நான் எடுக்கறேன் அண்ணி," என்றான் வீரமுத்து. "கால்லேருந்து எடுக்கணும். தலையிலேருந்து எடுக்கக் கூடாது."

"யாரு சொன்னா?"

"பூசாரி..." என்று தொடங்கியவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சொல்லு வீரா," என்றாள் கலைமகள். "கால்லேருந்து எடுத்த. அப்புறம்?"

அவன் அவளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சாம்பல் அப்போதும் கதகதவென்று இருந்ததை, காலிலிருந்து தலைவரைக்கும் ஆள் படுத்திருக்கிற மாதிரியே தட்டில் வரிசையாக வைத்ததை, பாலும் பன்னீரும் தெளித்ததைச் சொன்னான். டுரியான், டுரியான் என்றுதான் சொன்னான், ஒரு தடவைகூட வேறு பெயர் வாயில் வரவில்லை. "பாலு ஊத்துனா அந்தச் சூட்டுக்கு சுர்ருன்னு ஒரு சத்தம் வரும் அண்ணி. ரொம்ப லேசா இருந்துச்சி. கையில எடுத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி. எவ்வளவு பெரிய ஆளு... ஒரு குலைய ஒத்தக் கையில தூக்கிப் போடுவானே."

டிராகன் எப்போது செம்பனைக் குலை தூக்கிற்று என்று யாரும் கேட்கவில்லை. கலைமகள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நிறுத்தப்பட்டவளை இப்போதுதான் உள்ளே விட்டார்கள். இன்னும் சொல்லமாட்டானா என்று இருந்தது.

மிக்கேல்ராஜ் கடைசியாக எழுந்து நின்றார். பூசையில் நிற்கிற மாதிரி கைகளைக் கட்டிக்கொண்டு, "எல்லாம் சேந்துருச்சி தங்கச்சி. ஒண்ணு விடல. இந்தா இருக்கு..." என்று நிறுத்தினார். கீழே கையைக் காட்டி மெல்லச் சொன்னார். "எலும்பு."

தேவமலர் வாயைப் பொத்திக்கொண்டாள். வீரமுத்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "அண்ணே, என்னா காரியம் பண்ணிட்டீங்க! மந்திரத்தச் சொல்லிட்டீங்களே!"

"ஐயோ மாதாவே, நான் எலும்புன்னுதான்டா சொன்னேன்! பொறுக்கின எலும்பு லா! எந்திரின்னு எங்க சொன்னேன்?"

எல்லாரும் கலைமகளைப் பார்த்தார்கள். அவள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்த மேசையில் லகரம் எது, ழகரம் எது என்று காதால் பிரித்துச் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். மிக்கேல்ராஜ் சொன்னது எலும்பு. சுத்தமான எலும்பு. அதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. அது அப்படியில்லை, உட்காருங்கள் அண்ணே என்று அவள் சொல்லியிருந்தால் அன்றைக்கே கடலுக்குப் போயிருப்பார்கள்.

"மேசையில விழுந்த சொல்லு விழுந்ததுதான்," என்றாள். "எழும்பிட்டான்."

எழும்பியவனுக்குத் தன்னைத் தெரியாது என்பதும் அவள் சொன்ன சட்டம்தான். அதையும் அவளே உடைத்தாள். எலும்புகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன, பெரிய தலை மெதுவாக நிமிர்ந்து பார்த்தது, வாயிலிருந்து குளிர் புகையாக வந்தது. பிறகு அது கலைமகளின் வாயால் பேசிற்று. "என்னா லா எல்லாம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கீங்க? சாப்பிட்டீங்களா இல்லையா?" அச்சு அசலாகப் பிரவின். அந்த இழுப்பு, கடைசியில் வரும் அந்தச் சிரிப்பு. வீரமுத்து மேசைமேல் கவிழ்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. சண்டை, புதையல் எல்லாம் போய்விட்டது. மூன்று பேரும் வந்து உட்கார்ந்து டுரியானிடம் பேசினார்கள். வரப்போகிற மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று தேவமலர் வீட்டில் சொல்லாததை அவனிடம் சொன்னாள். "பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லு, வாயில என்னா கொழுக்கட்டையா?" என்றான் டுரியான். அவள் போய்ச் சொல்லிவிட்டாள், கலியாணம் நின்றது, அவள் முகத்தில் களை வந்தது. வீரமுத்து தன் வேலைத் தொல்லையைக் கொட்டினான், வசைபாட்டு வாங்கிக்கொண்டு சிரித்தான். மிக்கேல்ராஜ் மட்டும் முதலில் தயங்கினார். செத்தவர்களைக் கூப்பிடுவது பாவம், பாதருக்குத் தெரிந்தால் வெளுத்துவிடுவார் என்றார். பிறகு அவரும் ஒருநாள், "மச்சான், நல்லா இருக்கியாடா?" என்று கேட்டுவிட்டார்.

எல்லாரும் லேசாகி வீட்டுக்குப் போனார்கள். கலைமகள் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். தொண்டை கட்டியிருக்கும், பிரவினைப் போல அடிக்குரலில் பேசிப் பேசி. முதலில் அவளுக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. போகப் போக ஒன்று உறைத்தது. வீரமுத்து அவனோடு பேசுகிறான். தேவமலர் பேசுகிறாள். அண்ணன் பேசுகிறார். கட்டினவளால் மட்டும் பேச முடியவில்லை. அவனே இவளாக இருக்கும்போது இவள் யாரிடம் பேசுவாள்? தனியாக இருக்கும்போது முயன்று பார்த்தாள். அந்த ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்கு அடிக்குரலை எடுக்க வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அவளுக்குத் தெரியாததை அவனுக்கு அவள் எப்படிச் சொல்லிக்கொடுப்பாள்? ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற டிராகன் அவளிடம் வந்தால் வெறும் எலும்பு.

ஒரு ஞாயிறு எல்லாரும் வந்து உட்கார்ந்ததும், கலைமகள் விதிப்புத்தகத்தை மிக்கேல்ராஜ் முன்னால் நகர்த்தினாள்.

"அண்ணே, இன்னிக்கி நான் கதை சொல்லல. நீங்க சொல்லுங்க. நான் அந்தப் பக்கம் ஒக்காந்துக்கறேன்."

"நானா? எனக்கு என்னாம்மா தெரியும்? வேன்ல பிள்ளைங்கள சீட்டுல ஒக்கார வைக்கறதே எனக்குப் பெரிய பாடு."

"ஒண்ணும் தெரிய வேணாம். அவனா இருந்து பேசுங்க. போதும்."

அவள் முகத்தைப் பார்த்தார். எழுந்து அவள் நாற்காலிக்குப் போனார், அவள் அவர் நாற்காலிக்கு வந்தாள். மிக்கேல்ராஜுக்கு நடிப்பெல்லாம் வராது. இத்தனை வருஷ விளையாட்டில் மந்திரவாதி வேஷம் கட்டியும் மிக்கேல்ராஜாகவே பேசியவர். தொண்டையைச் செருமினார், பகடை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார், திரும்ப வைத்தார்.

"ம்... டுரியான் வந்துட்டான்," என்றார். "இங்கதான் நிக்கறான். சொல்லு."

"என்னங்க," என்றாள் கலைமகள்.

அந்த மேசையில் டுரியானை அவள் இதுவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. வீரமுத்து சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணாடிச் சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தான். தேவமலர் கலைமகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மிக்கேல்ராஜ், "ம்," என்றார்.

"லோரியில ஒக்காந்திருந்தீங்களே. அப்ப..." எத்தனை நாள் மனசுக்குள் கோவையாகக் கேட்டு வைத்த கேள்வி. போத்தலைப் பற்றி, பொத்தானைப் பற்றி, கூப்பிட்டானா என்பதைப் பற்றி, எவ்வளவோ இருந்தது. கடைசியில் ஒன்றுதான் வந்தது. "வலிச்சிச்சா?"

மிக்கேல்ராஜ் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இதைத்தான் கேட்கப் போகிறாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. வெளியே யார் வீட்டிலோ புல் வெட்டும் யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இல்ல தங்க..." என்று தொடங்கி நிறுத்தினார். பிரவின் அவளை அப்படிக் கூப்பிடமாட்டான். அவளை அவர் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இல்ல, கலை," என்றார். "வலிக்கல. வெயிலு கொஞ்சம் ஜாஸ்தியா இருந்துச்சி. தூக்கம் வர்ற மாதிரி கண்ணக் கட்டுச்சி. நீ வீட்டுல இருப்பன்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன். அப்புறம் ஒண்ணும் தெரியல. அவ்வளவுதான்."

பிரவின் குரல் அதில் கொஞ்சம்கூட இல்லை. இழுப்பு இல்லை, சிரிப்பு இல்லை. வயதான ஒரு வேன் டிரைவரின் உடைந்த குரல்தான். கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கவும் இல்லை.

"பொய்யிண்ணே," என்றாள் கலைமகள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. யாருக்குமே தெரியாது." மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பரவாயில்ல. இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"வலிக்கல, கலை," என்றார் மிக்கேல்ராஜ்.

"இன்னொரு வாட்டி."

சொன்னார்.